உறிஞ்சுவாய்க் கெளுத்தி: இனமறிதலும் தொட்டியில் பேணுதலும்

வீடுகளிலும் பள்ளிகளிலும் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன்களை வளர்க்கும் வழக்கம் நம் நாட்டில் பரவலாகியுள்ளது. இம்மீன்களை விற்கும் கடைகளில், தொட்டியின் சுவரில் வாயைப் பதித்து அசைவின்றி ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு நிறக் குஞ்சுகளைக் காணலாம். கடைக்காரர்கள் இவற்றைச் ‘சக்கர்’ என்றும், ‘டேங்க் கிளீனர்’ என்றும் அழைப்பர். பாசியை உண்டு தொட்டியைத் தூய்மையாக வைத்திருக்கும் என்று நம்பி, பொன்மீன் வாங்குவோர் இவற்றிலும் ஒன்றைச் சேர்த்து வாங்கிச் செல்வர்.

வாங்கும்போது இக்குஞ்சு இரண்டு அங்குல நீளமே இருக்கும். ஏற்ற உணவும் இடமும் கிடைப்பின், சில ஆண்டுகளில் இது ஓரடிக்கு மேல் வளர்ந்துவிடும். பின்னர்ச் சிறு தொட்டியில் திரும்பவும் இயலாது தவிக்கும்; செடிகளைப் பிடுங்கும்; கழிவினால் நீரைக் கெடுக்கும். கொல்லவும் மனமின்றி, வைத்துக்கொள்ளவும் வழியின்றி, உரிமையாளர் இதனை அருகிலுள்ள குளத்தில் விட்டுவிடுகிறார். பண்ணைகளிலிருந்து வெள்ளத்தில் தப்பிய மீன்களுடன் இவ்வாறு விடப்பட்ட மீன்களும் சேர்ந்து, இன்று இந்தியாவின் பல நீர்நிலைகளில் இவ்வயல்நாட்டு மீன் குடியேறியுள்ளது.

குளத்தில் நேரும் இத்தீங்கு கடையிலேயே தொடங்குகிறது. எந்த இனத்தை வாங்குகிறோம், அது எவ்வளவு வளரும், அதற்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பவற்றை முன்னரே அறிந்தவர் அதனை வெளியேற்ற வேண்டிய நிலைக்கு ஆளாவதில்லை. ஆகவே இனமறியும் முறையை முதலிலும், பேணும் முறையைப் பின்னரும், வெளி நீரில் இம்மீனைக் காண்போர் செய்ய வேண்டுவனவற்றை இறுதியிலும் இப்பாடம் கூறுகிறது.

குடும்பமும் தாயகமும்

உறிஞ்சுவாய்க் கெளுத்திகள் கெளுத்தி வரிசையைச் சேர்ந்த ‘லோரிகாரிடே’ என்னும் குடும்பத்தினவாகும். ‘லோரிகா’ என்னும் இலத்தீன் சொல் போர்வீரர் அணியும் மார்புக் கவசத்தைக் குறிக்கும். இவற்றின் உடலைப் போர்த்துள்ள எலும்புத் தகடுகளே இப்பெயருக்குக் காரணமாம். தென் அமெரிக்காவும் அதனை அடுத்த பனாமா, கோஸ்டாரிகா நாடுகளும் இக்குடும்பத்தின் தாயகமாகும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இதில் அடங்கும். இந்தியாவிலோ ஆசியாவின் வேறெந்தப் பகுதியிலோ இக்குடும்பத்து மீன் ஒன்றும் இயற்கையாக இருந்ததில்லை.

இவற்றுள் ஒன்றை 1758ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் பெயரிட்டு விவரித்தார். அவர் இட்ட ‘பிளெகோஸ்டோமஸ்’ என்னும் பெயருக்கு ‘மடிப்பு வாய்’ என்பது பொருள். மீன் வளர்ப்போர் வழங்கும் ‘பிளெகோ’ என்னும் சொல் அதன் சுருக்கமே. ஆயினும் இன்று அப்பெயரால் விற்கப்படும் மீன்களிற் பெரும்பாலானவை லின்னேயஸ் விவரித்த இனத்தைச் சேர்ந்தவையல்ல. டெரிகோப்ளிக்திஸ் என்னும் வேறொரு பேரினத்தைச் சேர்ந்தவை. புதிய புதிய மீன்கள் பெயரிடப்படாமலே சந்தைக்கு வந்தமையால், ஜெர்மானிய மீன் வளர்ப்பு இதழ் ஒன்று 1988இல் அவற்றிற்கு ‘எல்’ எழுத்துடன் கூடிய எண்களை வழங்கத் தொடங்கியது. கடைகளில் ‘எல் 144’ என்பன போன்ற குறிகள் காணப்படுவது இதனாலேயாம்.

உடலமைப்பு

நம் நாட்டுக் கெளுத்தி, தேளி, வாளை ஆகியவற்றின் தோல் வழவழப்பானது. அதில் செதிலோ தகடோ இராது. உறிஞ்சுவாய்க் கெளுத்தியின் தலையும் முதுகும் பக்கங்களும், வரிசை வரிசையாக அமைந்த எலும்புத் தகடுகளால் மூடப்பட்டிருக்கும். தகடுகளின் மேல் நுண்ணிய பற்களை ஒத்த முட்கள் உள்ளமையால், வாலிலிருந்து தலை நோக்கித் தடவினால் அரம்போலச் சொரசொரக்கும். வயிற்றுப்புறம் தட்டையானது.

வாய் தலையின் அடிப்புறத்தில் அமைந்துள்ளது. அகன்ற உதடுகள் ஒன்றுசேர்ந்து வட்டத் தட்டு வடிவில் இருக்கும். இத்தட்டினால் ஓடும் நீரிலும் பாறையிலும் மரத்திலும் மீன் உறுதியாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவாறே மூச்சு விடவும் உணவைச் சுரண்டவும் வல்லது. உதட்டின் இரு கோடிகளிலும் குட்டையான மீசை ஒவ்வொன்று உண்டு.

கண்ணின் அமைப்பு வியப்புக்குரியது. கருவிழியின் மேற்புறத்திலிருந்து சிறு மடல் ஒன்று தொங்கும். வெளிச்சம் மிகுந்தால் அது விரிந்து ஒளியைத் தடுக்கும், இருளில் சுருங்கும். இம்மீன் பெரும்பாலும் இரவில் நடமாடுவது என்பதை இவ்வமைப்பு காட்டுகிறது.

நீரில் பிராணவாயு குறையும்போது டெரிகோப்ளிக்திஸ் முதலிய இனங்கள் மேலே வந்து காற்றை விழுங்கும். குருதிக் குழாய்கள் நிறைந்த இரைப்பையின் சுவர் அக்காற்றிலுள்ள பிராணவாயுவை ஈர்த்துக்கொள்ளும். இவ்வாற்றலால் பிற மீன்கள் மடியும் கழிவு நீரிலும் இவை பிழைக்கும். ஈரம் காயாதிருப்பின் நீருக்கு வெளியிலும் பல மணி நேரம் உயிருடன் இருக்கும்.

இனமறியும் முறை

இந்தியச் சந்தையில் கிடைப்பவற்றை அறிந்துகொள்ள மூன்று உறுப்புகளை வரிசையாக நோக்கினாற் போதும். அவையாவன: முதுகுத் துடுப்பு, மூக்கு நுனி, வயிறு.

முதலாவதாக, முதுகுத் துடுப்பின் ஆரைகளை எண்ண வேண்டும். துடுப்பின் முன்னுள்ள தடித்த முள்ளை விட்டுவிட்டு, அதன் பின்னுள்ள மெல்லிய ஆரைகளை மட்டும் எண்ணுக. ஒன்பது அல்லது அதற்கு மேல், பதினான்கு வரை இருப்பின் அது டெரிகோப்ளிக்திஸ் பேரினம். ஏழு மட்டும் இருப்பின் அது ஹைப்போஸ்டோமஸ், அன்சிஸ்ட்ரஸ் போன்ற வேறொன்றாகும். கடைத் தொட்டியில் உள்ள குஞ்சு துடுப்பை மடித்தே வைத்திருக்கும். அது இடம்பெயரும்போது துடுப்பை விரிக்கும். அத்தருணத்தில் ஒளிப்படம் எடுத்துப் பெரிதாக்கி எண்ணுதல் எளிது. ஆரைகள் மிகுதியாதலால் டெரிகோப்ளிக்திஸின் துடுப்பு குஞ்சுப் பருவத்திலேயே படகின் பாய்போல் நீண்டு உயர்ந்து தோன்றும்.

இரண்டாவதாக, மூக்கு நுனியை நோக்குக. வளர்ந்த ஆண் அன்சிஸ்ட்ரஸின் மூக்கின் மேல் மென்மையான கொம்புகள் போன்ற தசை இழைகள் கிளைத்து நிற்கும். பெண்ணுக்கு அவை இரா. இருப்பினும் மூக்கின் விளிம்பில் குட்டையாகவே காணப்படும். ‘பிரிஸ்ல்நோஸ்’ என்னும் வணிகப் பெயர் இவ்விழைகளால் வந்தது. இது பெரும்பாலும் 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தோடு நின்றுவிடும்.

மூன்றாவதாக, மீன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அதன் வயிற்றைக் காண்க. டெரிகோப்ளிக்திஸ் என்று ஆரை எண்ணிக்கையால் தெளிந்தபின், அதன் இனத்தைப் பகுத்தறிய வயிற்றின் கோலம் உதவும். வெளிர்நிற வயிற்றில் கரும்புள்ளிகள் தனித்தனியாக இருப்பின் அது டெ. பர்டாலிஸ் எனக் கொள்ளலாம். புள்ளிகள் ஒன்றோடொன்று இணைந்து புழு நெளிந்தாற்போன்ற கோடுகளாயின் அது டெ. டிஸ்ஜங்டிவஸ் ஆகும். இவ்விரண்டும் கலந்து பிறந்தவற்றில் புள்ளியும் கோடும் சேர்ந்து காணப்படும். அத்தகையவற்றைப் பேரினப் பெயரால் மட்டும் குறித்தலே முறை. இப்பேரினத்து மீன்கள் 40 சென்டிமீட்டரையும் கடந்து வளரக்கூடியவை. பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்பவை.

இவையன்றி, ஒட்டோசின்க்ளஸ் என்னும் மிகச் சிறிய மீனும் விற்கப்படுகிறது. இது நான்கைந்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. பக்கவாட்டில் தலை முதல் வால் வரை கருங்கோடு ஒன்று ஓடும்.

ஒத்த தோற்றமுடைய பிற மீன்கள்

ஒட்டிக்கொள்ளும் வாயுடைய மீன்கள் யாவும் உறிஞ்சுவாய்க் கெளுத்திகள் ஆகா. தாய்லாந்து முதலிய நாடுகளைச் சேர்ந்த ஜைரினோகைலஸ் என்னும் மீனும் ‘ஆல்ஜி ஈட்டர்’ என்னும் பெயரில் விற்கப்படுகிறது. பொன்னிற வகையே மிகுதியாகக் கிடைக்கும். இதன் உடலில் எலும்புத் தகடுகள் இல்லை. சாதாரணச் செதில்களே உண்டு. மீசை இல்லை. செவுள் மூடியின் மேற்பகுதியில் நீரை உள்ளிழுக்கும் தனித் துளை ஒன்று இருக்கும். இது கெண்டை வரிசையைச் சேர்ந்தது. வளர்ந்தபின் தன்னோடு வாழும் மீன்களைத் துரத்தும் இயல்புடையது.

களப்பணியாளர்கள் இன்னொன்றையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இமயமலை அடிவாரத்திலும் உள்ள ஓடைகளில் பாறைகளில் ஒட்டி வாழும் கர்ரா பேரின மீன்கள் நம் நாட்டுக்கே உரியவை. அவற்றின் ஒட்டு உறுப்பு வாய்க்குப் பின்புறம் மோவாயின்மேல் அமைந்திருக்கும். உடலில் செதில்கள் இருக்கும். முதுகுத் துடுப்பிற்கும் வாலிற்கும் இடையே இரண்டாம் துடுப்பு இராது. உறிஞ்சுவாய்ப் பெருங்கெளுத்திகளிலோ அவ்விடத்தில் முள்ளுடன் கூடிய சிறு கொழுப்புத் துடுப்பு ஒன்று உண்டு. இவ்வேறுபாட்டை அறியாது, நம் ஓடை மீன்களை அயல்நாட்டு மீன் என்று கருதி அழித்துவிடலாகாது.

தொட்டியின் அளவு

ஒரு கன அடி இடத்தில் ஏறத்தாழ 28 லிட்டர் நீர் கொள்ளும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியின் கன அளவு இரண்டு கன அடி. அதாவது 56 லிட்டர். வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது இவ்வளவே. நாற்பது சென்டிமீட்டர் நீளமுள்ள மீன், முப்பது சென்டிமீட்டர் அகலமுள்ள இத்தொட்டியில் நேராகத் திரும்பவும் இயலாது.

வளர்ந்த டெரிகோப்ளிக்திஸ் ஒன்றுக்கு ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள தொட்டி வேண்டும். அதன் கன அளவு 24 கன அடி. கொள்ளும் நீர் ஏறத்தாழ 680 லிட்டர். நீரின் எடை மட்டுமே 680 கிலோகிராம். அதனைத் தாங்கும் மேடையும் தளமும் எத்தனை வீடுகளில் உள்ளன என்று எண்ணிப் பார்த்தால், இம்மீன் பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்றதன்று என்பது விளங்கும். அன்சிஸ்ட்ரஸ் ஒன்றுக்கோ, மூன்றடி நீளமும் ஓரடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி போதுமானது. ஒட்டோசின்க்ளஸ் கூட்டமாக வாழ்வது. பாசி படிந்த இரண்டடித் தொட்டியில் ஆறு மீன்களைச் சேர்த்து வைக்கலாம்.

‘தொட்டியின் அளவுக்குத் தக்கபடியே மீன் வளரும்’ என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது தவறான கருத்தாகும். சிறு தொட்டியில் வளர்ச்சி குன்றுவது, தேங்கிய கழிவும் குறைந்த உணவும் உண்டாக்கும் நலிவேயன்றி இயற்கையான ஒழுங்கன்று. அத்தகைய மீன் தன் வாழ்நாளை எட்டுவது அரிது.

நீரும் உறைவிடமும்

புதிய தொட்டியில் நீரை நிரப்பிய அன்றே மீனை விடுதல் கூடாது. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சாகும். ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இந்நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் மணலிலும் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதன் பின்னரே உறிஞ்சுவாய்க் கெளுத்தியை விடுதல் நன்று. வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் குளோரின் இந்நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதனை அலச வேண்டும்.

வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுதல் வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீராயின், அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் காற்றுக் குமிழி விட்டு வைத்தபின் பயன்படுத்துக. வெப்பநிலை 24 முதல் 28 டிகிரி வரையிலும், அமில-காரநிலை 6.5 முதல் 7.5 வரையிலும் இருப்பது நலம். குளிர்காலத்தில் வட மாநிலங்களில் வெப்பநிலைத் தடுப்புடன் கூடிய மின்வெப்பி தேவைப்படும்.

மேல் மூடிக்கும் நீர் மட்டத்திற்கும் இடையே சிறிது இடைவெளி விடுதல் வேண்டும். மீன் காற்றை விழுங்க அது தேவை. மூடியும் இன்றியமையாதது, இரவில் துள்ளி வெளியே விழும் மீன்கள் பல. பகலில் ஒளிந்துகொள்ளத் தேங்காய்ச் சிரட்டை, உடைந்த மண்பானை, அகன்ற குழாய்த்துண்டு ஆகியவற்றில் ஒன்றை வைக்கலாம். ஊறவைத்துக் கழுவிய மரக்கட்டை ஒன்றும் இருக்கட்டும். பல இனங்கள் அதனைச் சுரண்டி உண்ணும். அதன்மேல் படியும் பாசியும் நுண்ணுயிரும் உணவாகும்.

உணவு

இம்மீன் தொட்டியைத் தூய்மை செய்யும் என்னும் நம்பிக்கையே அது பட்டினியால் மடிவதற்குப் பெருங்காரணம். ஒரு சிறு தொட்டியிலுள்ள பாசியை வளரும் மீன் சில நாட்களில் தின்று தீர்த்துவிடும். பிற மீன்களின் கழிவை அது உண்பதில்லை. மாறாக, நீண்டு சுருண்ட குடலையுடைய இத்தாவர உண்ணி, பிற மீன்களைவிட மிகுதியான கழிவை வெளியேற்றும். ஆகவே தூய்மையாளன் ஒருவனை வைத்ததாக எண்ணி வடிகட்டியையும் நீர் மாற்றுதலையும் கைவிடுவோர் தொட்டியை விரைவில் கெடுத்துக்கொள்வர்.

வெள்ளரி, சுரை, பீர்க்கு, பூசணி ஆகியவற்றின் துண்டுகளையும், கீரையையும், தோல் நீக்கிய பட்டாணியையும் சிறிது வேகவைத்துக் கொடுக்கலாம். பூச்சி மருந்தின் எச்சம் போகும்படி நன்கு கழுவுதல் வேண்டும். காய்த்துண்டு மிதக்குமாயின், துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியின் காம்பில் செருகி அடியில் கிடத்தலாம். நீரில் அமிழும் தாவர உணவு வில்லைகளும் கடைகளில் உள்ளன. விளக்கை அணைத்த பின்னரே உணவிட வேண்டும். பகலில் இட்டால் பிற மீன்கள் உண்டுவிடும். மிச்சத்தைக் காலையில் அகற்றிவிடுக.

நலமுள்ள மீனின் வயிறு சற்றே புடைத்திருக்கும். வயிறு உட்குழிந்தும் கண்கள் உள்வாங்கியும் தோன்றினால் அது பட்டினியின் அறிகுறி. பசித்த மீன், பொன்மீன் முதலிய அகன்ற உடலுடைய மீன்களின்மேல் இரவில் ஒட்டி, அவற்றின் உடலைப் போர்த்துள்ள வழவழப்புப் படலத்தைச் சுரண்டும், அவ்விடம் புண்ணாகும். இத்தகைய கேடு கண்டவிடத்து மீனின் இயல்பைப் பழிப்பதற்கு முன் அதற்கு இடப்படும் உணவை ஆராய்தல் முறையாகும்.

கையாளுதலும் நோய்த்தடுப்பும்

மார்புத் துடுப்பின் முட்களை இம்மீன் விறைப்பாக நிறுத்திப் பூட்டிக்கொள்ளும். வலையில் பிடித்தால் முட்கள் கண்ணியில் சிக்கி, மீனுக்கும் கைக்கும் காயம் நேரும். பாத்திரம் ஒன்றை நீருக்குள் அமிழ்த்தி, மீனை அதனுள் செலுத்தி எடுப்பதே ஏற்ற முறை. சிக்கிக்கொண்டால் இழுக்காது வலையை வெட்டி விடுவிக்க வேண்டும். கடையிலிருந்து கொண்டுவரும்போது முள் பையைத் துளைக்காதிருக்க, இரண்டு பைகளை ஒன்றனுள் ஒன்றாக வைத்து இடையில் செய்தித்தாளை மடித்து வைப்பர்.

புதிய மீனை இரண்டு மூன்று வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துக் கவனித்தபின் பிறவற்றுடன் சேர்க்க வேண்டும். உடலில் உப்புத்தூள் தூவினாற்போன்ற வெண்புள்ளிகள் தோன்றின் அது ஒட்டுண்ணி நோய். உடனே மீனைப் பிரித்து, மருந்தின் உறையில் குறித்துள்ள அளவைக் கடவாது பயன்படுத்துக. மீன் அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கினால் மருந்தைத் தேடுவதற்கு முன் நீரை மாற்றிக் காற்றோட்டத்தை மிகுதியாக்க வேண்டும்.

இனப்பெருக்கம்

அன்சிஸ்ட்ரஸ் வீட்டுத் தொட்டியிலேயே இனம் பெருக்கும். ஆண் மீன் ஒரு குகையைத் தேர்ந்துகொள்ளும். பெண் அதனுள் ஆரஞ்சு நிற முட்டைகளைக் கொத்தாக இடும். ஆண் அவற்றைக் காத்து, துடுப்பால் விசிறி நீரோட்டம் உண்டாக்கும். சில நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். மஞ்சள்கருப் பை தீரும் வரை குகையிலேயே தங்கும். மாணவர்கள் நேரிற் காணத்தக்க தந்தைப் பேணலுக்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

டெரிகோப்ளிக்திஸ் வீட்டுத் தொட்டியில் முட்டையிடுவதில்லை. அதற்கு மண்கரை வேண்டும். ஆண் மீன் கரையில் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழம் வரை வளை தோண்டும். பெண் அதில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். ஆண் காவல் இருக்கும். குளக்கரையே இதற்கு ஏற்ற இடமாக அமைவதுதான் நமக்கு வந்த கேடு.

பொது நீர்நிலைகளில் இம்மீன்

கேரளம், தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா, மேற்கு வங்கம், பீகார், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் நீர்நிலைகளிலிருந்து டெரிகோப்ளிக்திஸ் மீன்கள் பதிவாகியுள்ளன. கங்கையிலும் இவை கிடைத்துள்ளன. 2002ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சேர்க்கப்பட்ட கிழக்குக் கொல்கத்தா ஈரநிலத்தில், நகரின் கழிவுநீரைக் கொண்டு கெண்டை மீன் வளர்க்கும் பண்ணைக் குளங்கள் உள்ளன. அங்கும் இம்மீன் பெருகியுள்ளது. வலையில் விழும் சக்கர் மீனை வாங்குவோர் இல்லை. அதன் முட்களோ வலையைக் கிழிக்கின்றன. பிடித்தவர் கைகளிலும் காயம் உண்டாகிறது. வளர்ப்பு மீனுக்கு இட்ட தீனியில் ஒரு பங்கும் இதற்கே போகிறது.

பிற நாடுகளின் பட்டறிவும் இதுவே. அமெரிக்காவின் புளோரிடாவில் இவை தோண்டிய வளைகளால் நீர்நிலைக் கரைகள் அரிக்கப்பட்டுள்ளன. மெக்சிகோவின் இன்ஃபியெர்னில்லோ நீர்த்தேக்கத்தில், திலாப்பியா பிடித்து வாழ்ந்த மீனவர்களின் வலைகளை இம்மீன்கள் நிறைத்தன. வங்காளதேசம் 2023இல் இதற்குத் தடை விதித்தது. நம் நாட்டில், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு 2022இல் செய்யப்பட்ட திருத்தம், கேடு விளைக்கும் அயல் உயிரினங்களின் இறக்குமதி, வணிகம், உடைமை, பரவல் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தவும் தடை செய்யவும் மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது.

இம்மீன் நச்சுடையது என்னும் அச்சம் சிற்றூர்களில் நிலவுகிறது. அது உண்மையன்று. அமேசான் ஆற்றங்கரையில் மக்கள் இதனை ‘அக்காரி’ என்னும் பெயரால் வழங்கி, விரும்பி உண்கின்றனர். ஆயினும் கழிவுநீர் கலந்த குளங்களில் பிடித்த மீனின் உடலில் கன உலோகங்கள் சேர்ந்திருத்தல் கூடுமாதலால் அவற்றை உண்ணாதிருத்தலே தக்கது.

களப்பணியாளர் கவனத்திற்கு

1. வலையில் விழுந்த டெரிகோப்ளிக்திஸை மீண்டும் நீரில் விடலாகாது. கரையில் வீசிவிட்டுச் செல்வதும் தவறு. பல மணி நேரம் உயிர் தாங்கும் இம்மீன், கரை ஈரமாயின் நெளிந்து நீரை அடையக்கூடும். தலையில் ஓங்கி அடித்து உடனே உயிர் போக்கி, நீரிலிருந்து தொலைவிற் புதைக்கச் சொல்லுக.

2. கொல்லுமுன் இனத்தை உறுதி செய்க. உடல் தகடு, முதுகுத் துடுப்பின் ஆரை எண்ணிக்கை, கொழுப்புத் துடுப்பின் முள் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும்.

3. முதுகு, பக்கம், வயிறு ஆகிய மூன்று புறமும் ஒளிப்படம் எடுத்து, நீளம், நாள், குளத்தின் பெயர் ஆகியவற்றைக் குறித்து, மாவட்ட மீன்வள அலுவலகத்திற்கு அனுப்புக.

4. கோடையில் நீர் வற்றும்போது குளக்கரைகளில் வளைகளைத் தேடுக. கரையைச் செப்பனிட்டு வளைகளை அடைக்க அதுவே ஏற்ற காலம்.

5. தொட்டி மீனை வைத்துக்கொள்ள இயலாதவருக்குக் கூற வேண்டிய வழிகள்: விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுத்தல், பெருந்தொட்டி உள்ளவருக்கோ காட்சியகத்திற்கோ அளித்தல், இரண்டும் இயலாவிடின், துன்பமின்றி உயிர் போக்கக் கால்நடை மருத்துவரின் யோசனை பெறுதல். குளத்தில் விடுவது இரக்கச் செயல் என்று கருதுவோரிடம், அங்குள்ள நம் மீன்களுக்கும் அவற்றை நம்பி வாழும் குடும்பங்களுக்கும் நேரும் இழப்பைப் பொறுமையாக எடுத்துரைக்க வேண்டும்.

வகுப்பறையில் செய்து காணத்தக்கவை

பள்ளித் தொட்டிக்கு அன்சிஸ்ட்ரஸையே தேர்ந்துகொள்க. திங்கள்தோறும், மீன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வெளிப்புறத்தில் அளவுகோலை வைத்து நீளத்தை அளந்து, கட்டமிட்ட தாளில் வளர்ச்சிக்கோடு வரையச் செய்யலாம். இருண்ட அறையில் இருந்த மீனின் கண்ணையும், வெளிச்சம் வந்து சிறிது நேரம் கழிந்தபின் அதன் கண்ணையும் ஒப்பிட்டுக் கருவிழி மடலைக் காட்டலாம். அவரவர் வீட்டுத் தொட்டியின் நீள அகல உயரங்களை அளந்துவரச் செய்து, அது கொள்ளும் நீரையும் எடையையும் கணக்கிட வைத்தல் கணிதப் பாடத்திற்கும் உதவும். ஊரிலுள்ள மீன் கடையில் ‘சக்கர்’ என்று விற்கப்படுவது எப்பேரினம் என்பதை ஆரை எண்ணி அறிந்து எழுதிவரச் செய்தல், இப்பாடத்தின் முழுப் பயனையும் தரும் பயிற்சியாகும்.

இரண்டு அங்குலக் குஞ்சின் முதுகுத் துடுப்பை எண்ணுவதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாமையால் ஒரு குளத்திற்கு நேரும் கேட்டை நீக்கப் பல ஆண்டுகளும் போதா. மாணவர் ஒருவர் கடையில் நின்று அதனை எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொண்டால், அவர் வீட்டாரும் அண்டை வீட்டாரும் அதனால் பயன் பெறுவர்.

வினாக்கள்

1. டெரிகோப்ளிக்திஸையும் அன்சிஸ்ட்ரஸையும் எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?

2. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி எத்தனை லிட்டர் நீர் கொள்ளும்? அதில் எந்த இனத்தை வளர்க்கலாம்?

3. ‘சக்கர் மீன் இருந்தால் தொட்டியைக் கழுவ வேண்டியதில்லை’ என்னும் கூற்று ஏன் பொருந்தாது?

4. கர்ரா மீனை அயல்நாட்டு மீன் என்று தவறாகக் கருதாதிருக்க எவ்வுறுப்புகளை நோக்க வேண்டும்?